நில ஆர்ஜிதமும் மேல்முறையீட்டின் எல்லைகளும்

பொதுக் காரியத்துக்காகத் தனியாருடைய நிலத்தை, அவர் சம்மதம் இல்லாமலே எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு. சாலை, கால்வாய், நீர்த்தேக்கம், இருப்புப்பாதை முதலியவை இவ்வதிகாரமின்றி அமைதல் அரிது. அவ்வாறு எடுக்கப்படும் நிலத்துக்குத் தக்க நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டமே. ஆனால் அந்த நஷ்ட ஈட்டை முதலில் நிர்ணயிப்பவர், நிலத்தை எடுக்கும் அரசாங்கத்தின் அதிகாரியே ஆவார். அவர் நிர்ணயித்தது குறைவு என்று தோன்றினால் நிலத்துக்கு உரியவர் யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த அளவுக்கு முறையிடலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் இதுபற்றி அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. அவர்களுள் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம், "மேல் கோர்ட்டு இருக்கவே இருக்கிறது; கொடுப்பதை இப்போது வாங்கிக்கொண்டு, பிறகு வழக்காடிப் பெறலாம்" என்பதாகும். இவ்வெண்ணம் பாதி மெய். மற்றப் பாதி பெருத்த நஷ்டத்துக்கு வழி. மேல்முறையீட்டு உரிமை இருப்பது உண்மை. ஆயின் அது குறுகிய வாயிலை உடையது. அவ்வாயில் சில வாரங்களே திறந்திருப்பது.

மேல்முறையீடு சட்டம் தந்த உரிமை

ஒரு வழக்கில் மேல்முறையீடு செய்வது மனிதனுக்கு இயல்பாக அமைந்த உரிமை அன்று. எந்தச் சட்டத்தின்கீழ் உத்தரவு பிறந்ததோ அந்தச் சட்டம் வழி வைத்திருந்தால்தான் மேல்முறையீடு உண்டு, வைக்காவிடில் இல்லை. இதனை நில ஆர்ஜிதச் சட்டத்தின் வரலாறே காட்டும்.

1894-ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம் நம் நாட்டில் நூற்றிருபது ஆண்டுக்காலம் நடைமுறையில் இருந்தது. அதன்கீழ் ரங்கூன் நகரத்தில் நிலம் இழந்த கம்பெனி ஒன்று, அங்குள்ள பெரிய நீதிமன்றம் நிர்ணயித்த தொகை போதாதென்று இலண்டனில் பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. தொகை நியாயமானதா என்ற கேள்விக்குள் பிரிவி கவுன்சில் புகவே இல்லை. ஆர்ஜித வழக்கில் பிறக்கும் உத்தரவு சாதாரண டிக்கிரி ஆகாது. அதன்மேல் எம்மிடம் முறையிடச் சட்டம் வழி செய்யவில்லை என்று 1912-இல் அது முறையீட்டைத் தள்ளிவிட்டது. பின்னர் 1921-இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்தகைய உத்தரவும் டிக்கிரியாகவே கருதப்படும் என்று எழுதப்பட்ட பிறகே அந்த வழி திறந்தது.

குடியரசு ஆன பின்னரும் இக்கேள்வி ஓயவில்லை. 1955-இல் அரசியல் சட்டத்தில் செய்யப்பட்ட நான்காவது திருத்தம், நஷ்ட ஈடு போதாது என்னும் ஒரே காரணத்தைக் காட்டி ஓர் ஆர்ஜிதச் சட்டத்தையே செல்லாதெனக் கோர்ட்டில் வாதிட இயலாது என்று விதித்தது. ஆயினும் கோர்ட்டுக் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. சென்னை இராஜ்யத்தில் 1961-இல் இயற்றப்பட்ட ஒரு திருத்தச் சட்டம், வீட்டு வசதித் திட்டங்களுக்கு எடுக்கப்படும் நிலத்துக்கு மட்டும் குறைந்த கணக்கை வகுத்தது. அறிவிப்பு நாளின் விலை, முந்திய ஐந்தாண்டுச் சராசரி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும். 15 சதவீதமாக இருந்த ஆறுதல் தொகை 5 சதவீதமே என்றது அச்சட்டம். ஒரே விதமான நிலத்தை உடையவர்களுள் ஒருவருக்கு ஒரு நீதியும் மற்றவருக்கு வேறொரு நீதியுமாக இருத்தல் சமத்துவத்துக்கு முரண் என்று சுப்ரீம் கோர்ட்டு 1964-இல் அதனைச் செல்லாதாக்கியது. 1978-இன் நாற்பத்து நான்காவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் வரிசையினின்று நீக்கப்பட்டு, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறித்தலாகாது என்னும் அளவில் நிற்கிறது. எனவே, நிலத்தை இழப்பவருக்கு உள்ள உரிமைகள் இன்னவை என்பதை அந்தந்த ஆர்ஜிதச் சட்டத்தின் வாசகத்திலேயே தேட வேண்டும்.

இப்போதைய பொதுச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு 1-1-2014 முதல் அமலில் உள்ளது. நியாயமான நஷ்ட ஈடும் மறுவாழ்வும் பெறும் உரிமை பற்றிய சட்டம் அது. இனிக் கூறுவன, வேறு குறிப்பு இல்லாத இடங்களில், அச்சட்டத்தின்படியே ஆகும்.

முதல் எல்லை: பணத்தை ஏற்கும் முறை

கலெக்டர் விசாரணை நடத்தி, நிலத்தின் பரப்பு, அதன் விலை, அதைப் பெறுவோர் ஆகிய மூன்றையும் தீர்மானித்து வெளியிடும் உத்தரவுக்கு அவார்டு என்று பெயர். அந்த அவார்டை ஏற்றுக்கொள்ளாதவர் மட்டுமே மேலே செல்ல முடியும். ஆட்சேபணை ஏதும் தெரிவிக்காமல் பணத்தைப் பெற்றுக்கொண்டவர், தொகையை உயர்த்தும்படி கோர உரிமை இழக்கிறார். பழைய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது.

இதனால், பணத்தையே பெறாமல் பட்டினி கிடந்து வழக்காட வேண்டும் என்பதன்று. "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு முழுத் தொகையையும் பெறலாம். இந்த ஒரு வரி எழுதப்படாமையால் பல்லாயிரம் ரூபாயை இழக்க நேரிடும். முற்காலத்தில் கச்சேரியில் இரசீதில் கையெழுத்திடும்போது இதனை எழுதினால் போதும். இப்போதோ தொகை நேரே பாங்குக் கணக்கில் வரவாகிவிடுகிறது. கையெழுத்திடும் சந்தர்ப்பமே வாராமற் போகலாம். ஆகையால் அவார்டு பற்றிய தகவல் கிடைத்தவுடனே ஆட்சேபணையைத் தனிக் கடிதமாக எழுதிக் கொடுத்து, அதன் நகலில் அலுவலகத்தின் தேதி முத்திரையைப் பெற்று வைத்தல் நலம்.

ஒருவர் காலத்தில் உயர்வு கோரி மனுக் கொடுத்திருப்பதே அவருடைய ஆட்சேபணைக்குச் சான்று என்று சுப்ரீம் கோர்ட்டு 1994-இல் ஒரு வழக்கில் இரக்கம் காட்டியதுண்டு. எனினும், இரக்கத்தை நம்புவதினும் ஒரு வரி எழுதுவது எளிது.

இரண்டாவது எல்லை: நாட்கணக்கு

அவார்டை ஏற்காதவர், விஷயத்தை அதற்கென அமைந்த ஆணையத்துக்கு அனுப்பும்படி கலெக்டருக்கே எழுத்து மூலமாக மனுச் செய்ய வேண்டும். மாவட்ட நீதிபதி ஆகும் தகுதியுடைய ஒருவர் அந்த ஆணையத்தின் தலைவராவார். பழைய சட்டத்தில் இவ்வேலை சிவில் கோர்ட்டைச் சேர்ந்திருந்தது. இப்போது இத்தகைய தகராறுகளைச் சிவில் கோர்ட்டு விசாரிக்கலாகாதென்று சட்டம் தடுத்துள்ளது.

மனுவுக்குரிய தவணை இருவகைப்படும். அவார்டு வழங்கப்பட்ட சமயத்தில் கலெக்டர் முன் தாமோ தம் பிரதிநிதியோ ஆஜராகி இருந்தவருக்கு, அன்று முதல் ஆறு வாரம், அதாவது 42 நாள். அவார்டு மார்ச் 1-ஆம் தேதி ஆனால், ஏப்ரல் 12-ஆம் தேதியோடு தவணை முடிகிறது. ஆஜராகாதவருக்கு, கலெக்டரின் நோட்டீசு கைக்கு வந்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது அவார்டு நாளிலிருந்து ஆறு மாதம். இவ்விரண்டில் எது முன்னே முடிகிறதோ அதுவே தவணை. மேற்கண்ட அவார்டின் நோட்டீசு ஒருவருக்கு ஆகஸ்டு 10-ஆம் தேதிதான் கிடைத்தது என்று கொள்வோம். ஆறு வாரம் செப்டம்பர் 21-ஆம் தேதி வரை உள்ளதே என்று அவர் எண்ணியிருத்தல் கூடாது. ஆறு மாதம் செப்டம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. அவருக்குத் தவணையும் அன்றோடு சரி.

அவார்டு ஒன்று பிறந்ததே தெரியாதவர் கதி என்ன? கச்சேரியில் உத்தரவு எழுதி வைக்கப்பட்ட நாளன்று, அதனைச் சம்பந்தப்பட்டவர் அறிந்த நாளே, அல்லது நியாயமாக அறிந்திருக்க வேண்டிய நாளே, அவார்டு நாள் ஆகும் என்று சுப்ரீம் கோர்ட்டு பழைய சட்டத்தின்கீழ் 1961-இல் தீர்ப்பளித்தது. அறியாத உத்தரவை எதிர்க்க எவராலும் ஆகாது என்னும் எளிய நீதியே இதன் அடிப்படை.

பழைய சட்டத்தின்படி, தவணை கடந்தபின் வரும் மனுவை எவ்வளவு நல்ல காரணம் இருப்பினும் கலெக்டர் ஏற்க இயலாது. இது 1996-இல் சுப்ரீம் கோர்ட்டினாலும் உறுதி செய்யப்பட்டது. புதிய சட்டம் இவ்விஷயத்தில் சிறிது தளர்ந்து கொடுக்கிறது. தக்க காரணம் காட்டினால், தவணைக்குப் பிறகு மேலும் ஓராண்டுக்குள் வரும் மனுவைக் கலெக்டர் ஏற்கலாம். "ஏற்கலாம்" என்பதே சட்டத்தின் சொல். "ஏற்க வேண்டும்" என்பதன்று.

மனு வந்து சேர்ந்த 30 நாளுக்குள் கலெக்டர் அதனை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிடின், மனுதாரர் தாமே ஆணையத்தை அணுகி, அனுப்பும்படி கலெக்டருக்கு உத்தரவிடக் கோரலாம். இவ்வழி உள்ளதை அறியாமல், மனுவைக் கொடுத்ததோடு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உண்டு.

மூன்றாவது எல்லை: முன்வைத்த ஆதாரம்

தொகை குறைவு என்று சொல்லிவிட்டால் போதாது. எவ்வளவு, ஏன் என்று காட்ட வேண்டும். பழைய சட்டம் இதில் மிகவும் கடுமையாக இருந்தது. கலெக்டரின் நோட்டீசுக்கு விடையாக ஒருவர் எவ்வளவு கேட்டாரோ அதற்குமேல் கோர்ட்டு ஒரு பைசாவும் கொடுக்க இயலாது; தக்க காரணமின்றி ஒன்றும் கேளாதிருந்தவருக்குக் கலெக்டர் கொடுத்ததே முடிவு. இவ்விதி 1984-இல்தான் நீக்கப்பட்டது. விதி போயினும் அதன் பாடம் போகவில்லை. முதல் விசாரணையில் வைக்காத ஆதாரத்தை மேலே உள்ள நீதிமன்றங்களில் புதிதாக வைப்பது கடினம்.

இப்போதைய சட்டத்தின்படி, பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு, அருகில் உள்ள அதே தன்மையுடைய நிலங்களின் சராசரிக் கிரய விலை ஆகியவற்றை ஒப்பிட்டு உயர்ந்ததைச் சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும். சராசரி காணும்போது முந்திய மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களுள் அதிக விலை கண்ட பாதியை மட்டுமே எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் காட்டுவோம். வழிகாட்டி மதிப்பு சென்டு ஒன்றுக்கு 3,000 ரூபாய். மூன்றாண்டில் எட்டுக் கிரயங்கள் நடந்துள்ளன. சென்டு விலை முறையே 3,000, 3,000, 3,500, 4,000, 5,000, 6,000, 6,500, 6,500 ரூபாய். உயர்ந்த நான்கின் சராசரி 6,000 ரூபாய் ஆகிறது. 50 சென்டு நிலத்தின் சந்தை மதிப்பு 3,00,000 ரூபாய். ஆறுதல் தொகை 100 சதவீதமாதலால் அதனைச் சேர்க்க 6,00,000 ரூபாய். வழிகாட்டி மதிப்போடு நின்றுவிட்டாலோ, இதே நிலத்துக்கு 3,00,000 ரூபாய்தான் கிடைக்கும். கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரை உள்ள ஓர் எண்ணால் பெருக்கும் முறையும், ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் தொகையும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவை சேர்ந்தால் வித்தியாசம் இன்னும் பெருகும். அந்த எட்டுப் பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்றுக் கலெக்டர் முன் வைப்பதே குடும்பம் ஒன்றுக்கு மூன்று இலட்சம் ரூபாய் பெறுமானமுள்ள வேலையாகும்.

உயர்நீதிமன்றத்தில்

ஆணையத்தின் முடிவிலும் திருப்தியடையாதவர் 60 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருப்பின் மேலும் 60 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம், அதற்குமேல் இல்லை. இவ்வுரிமை நிலம் இழந்தவருக்கு மட்டும் உரியதன்று. நிலத்தை வேண்டிப் பெற்ற நிறுவனமும், கொடுத்த தொகை அதிகம் என்று அதே தவணைக்குள் முறையிடலாம். ஆணையத்தில் கிடைத்த உயர்வைக் கையில் வந்த பணமாகக் கருதிக் கடன் வாங்கிச் செலவிடுதல் ஆகாது. அன்றியும், தமிழ்நாட்டின் 1955-ஆம் ஆண்டுக் கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின்படி, கிடைத்த தொகைக்கும் கேட்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தின்மேல் கட்டணம் செலுத்த வேண்டும். ஆதாரமின்றிப் பெருந்தொகை கேட்பவர் கட்டணத்தையே வீணாக இழப்பார்.

நெடுஞ்சாலைக்கு எடுத்தால் வேறு வழி

எல்லா நிலமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுவதில்லை. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கப்படுவது 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழாகும். அதில் தொகையை முதலில் தகுதி பெற்ற அதிகாரி ஒருவர் நிர்ணயிப்பார். அதனை ஏற்காதவர், மத்திய அரசாங்கம் நியமிக்கும் மத்தியஸ்தரிடம் செல்ல வேண்டும். மத்தியஸ்தர் முடிவையும் ஏற்காதவர், 1996-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லலாம். தவணை மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை.

தவணையைக் காட்டிலும் பெரிய எல்லை ஒன்று இங்கே உண்டு. இந்நீதிமன்றம் சாட்சியத்தை மீண்டும் எடைபோட்டு விலையை நிர்ணயிக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்று. சட்டத்தில் சொல்லியுள்ள சில குறைகள் இருந்தால் மத்தியஸ்தர் முடிவை ரத்துச் செய்யலாம், அவ்வளவே.

தமிழ்நாட்டு வழக்குகளே இதற்கு உதாரணமாயின. 2009 முதல் வெளியான அறிவிப்புகளின்படி நெடுஞ்சாலைக்கு எடுக்கப்பட்ட நிலங்களுக்கு, கிரயப் பத்திரங்களைக் கருதாமல் வழிகாட்டி மதிப்பைக் கொண்டே தொகை நிர்ணயிக்கப்பட்டது. அவற்றுள் ஒரு வழக்கில் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 பைசா முதல் 83 ரூபாய் 15 பைசா வரையே கிடைத்தது. மத்தியஸ்தராக இருந்த மாவட்டக் கலெக்டர் அதில் உயர்வு காணவில்லை. மாவட்ட நீதிமன்றம் சதுர மீட்டருக்கு 645 ரூபாய் என்று உயர்த்தியது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. மத்தியஸ்தர் முடிவைத் திருத்தி உயர்த்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2021 ஜூலையில் அது தீர்ப்பளித்தது. ஆயினும், அந்த நில உடைமையாளர்களுக்குக் கிடைத்த தொகையை நியாயம் கருதித் தொடவில்லை. அவர்கள் தப்பினர், விதியோ பின்வருவோர்க்கு நின்றது. பின்னர் 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிரிக்கத் தக்க பகுதியை நீக்குதல், கணக்குப் பிழையைத் திருத்துதல், முடிவுக்குப் பிந்திய வட்டியை மாற்றுதல் போன்ற சிலவற்றில் மட்டும் திருத்தும் அதிகாரம் உண்டு என்று பெரும்பான்மையால் கூறியது. சந்தை விலையைப் புதிதாக மதிப்பிடும் பொது அதிகாரம் இதனால் வந்துவிடவில்லை.

ஒரே ஊரில் இரு வயல்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்று கால்வாய்க்குப் போகிறது. மற்றொன்று தேசிய நெடுஞ்சாலைக்குப் போகிறது. முன்னவருக்கு ஆணையமும் உயர்நீதிமன்றமும் விலையை மறுபடி ஆராயும். பின்னவருக்கு அரசாங்கம் நியமித்த மத்தியஸ்தரே பெரும்பாலும் முடிவானவர். வழக்குகள் முடிவின்றி நீளாதிருக்கத் தவணை வேண்டும் என்பதை நாம் ஒப்புகிறோம். ஆனால் வரப்பு ஒன்றே பிரிக்கும் இரு குடியானவர்களுக்கு இரு வேறு அளவில் நியாயம் கிடைப்பது சரியெனத் தோன்றவில்லை. சட்டம் திருந்தும் வரையில், நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுப்பவர் தம் ஆதாரம் முழுவதையும் அதிகாரியிடமும் மத்தியஸ்தரிடமுமே வைத்துவிட வேண்டும். மேலே வைக்க இடமில்லை.

அயலார் பெற்ற உயர்வு

தாம் மனுச் செய்யாதிருந்து, அதே அறிவிப்பில் நிலம் இழந்த அயலார் ஆணையத்தில் உயர்வு பெற்றால், நமக்கும் அதில் பங்கு உண்டா? உண்டு. ஏழைகளையும் விவரம் அறியாதவர்களையும் கருதி 1984-இல் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வழி புதிய சட்டத்திலும் உள்ளது. ஆணையம் முடிவளித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், அதே விகிதத்தில் தமக்கும் தொகையை மறுநிர்ணயம் செய்யும்படி கலெக்டருக்கு மனுச் செய்ய வேண்டும். ஆகவே ஊரில் எவர் வழக்கு எந்த நிலையில் உள்ளது என்பதைச் சங்கத்தில் ஒருவர் குறித்து வருவது அனைவருக்கும் பயன்படும்.

நெசவாளரும் அடமானக் கடனும்

நெசவாளர்க்கு நிலம் ஏது என்று நினைத்தல் வேண்டாம். வீடே தொழிற்சாலையாக இருப்பவர் அவர். குழித்தறி உள்ள வீட்டை எடுத்தால் மண்ணும் சுவரும் மட்டும் போவதில்லை; வேலை நின்ற நாட்களின் வருமானமும், தறியைப் பெயர்த்து வேறிடத்தில் நாட்டும் செலவும் சேர்ந்து போகின்றன. தொழிலுக்கு நேரும் நஷ்டமும் இடம் மாறும் செலவும் நஷ்ட ஈட்டில் சேரத் தக்கவை என்று சட்டமே கூறுகிறது. சொந்த நிலம் இல்லாதவராயினும், மூன்றாண்டாக அவ்விடத்தில் தொழில் செய்து அதையே முக்கிய ஜீவனமாகக் கொண்ட கைவினைஞர் பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவராகிறார். கைவினைஞர் குடும்பத்துக்கு ஒருமுறை உதவித் தொகை 25,000 ரூபாய்க்குக் குறையாமல் உண்டு. மறுவாழ்வு உரிமை மறுக்கப்பட்டாலும் அதே ஆணையத்துக்கு, அதே தவணைக்குள் மனுச் செய்யலாம்.

நிலம் சங்கத்துக்கோ பாங்குக்கோ அடமானமாகி இருந்தால், நோட்டீசு வந்தவுடன் கடன் கொடுத்தவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். தொகையைப் பங்கிடுவதில் பின்னர்த் தகராறு எழுந்தால் அதுவும் ஆணையத்துக்குச் சென்று, முடியும் வரை பணம் முடங்கிக் கிடக்கும்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

நோட்டீசு வந்தால் முதலில் அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்று பார்க்க வேண்டும். வழியும் தவணையும் அதனைப் பொறுத்தவை. பட்டா, சிட்டா, அடங்கல், மூன்றாண்டுக் கிரயப் பத்திர நகல்கள், கிணறு, மரம், தறிக்கூடம் ஆகியவற்றின் விவரம் யாவும் முதல் விசாரணையிலேயே எழுத்து மூலமாகக் கொடுக்கப்பட வேண்டும். அவார்டு நாளையும் நோட்டீசு பெற்ற நாளையும் சுவரிலாவது எழுதி வைக்க வேண்டும். ஆட்சேபணையை எழுதாமல் தொகையை ஏற்கலாகாது. மனுவை நேரில் கொடுத்தால் தேதி முத்திரையும், தபாலில் அனுப்பினால் ஒப்புகையும் பெற்றிருக்க வேண்டும். தவணையின் கடைசி வாரம் வரையில் காத்திராமல், முதல் வாரத்திலேயே வக்கீலின் யோசனையைப் பெறுதல் நன்று. ஒரே அறிவிப்பில் நிலம் இழப்போர் பலர் சேர்ந்து அமர்த்திக்கொண்டால் செலவும் குறையும்.

உயர்ந்த நீதிமன்றங்கள் பெரும்பாலும் கீழே எழுதப்பட்டதையே படிக்கின்றன. தாலுகாக் கச்சேரியில் கொடுக்கும் முதல் மனு எவ்வளவு நிறைவாக இருக்கிறதோ, அவ்வளவே பின்னர்க் கிடைக்கும் நியாயமும் இருக்கும். நிலத்தைக் காக்க இயலாத இடத்தில் அதன் விலையையாவது காத்துக்கொள்ள வேண்டும்; அதற்குரிய காலம் முதல் ஆறு வாரமே என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் நினைவில் இருத்துவாராக.